ஒரு சாண் குழாய்ல என்ன இருக்கு? செல்லூர் தறியும் ஸ்போர்ட்ஸ் கார் இன்டேக்கும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது. ஆடியோவில் பின்னாடி கேட்கும் 'டடக் டடக்' மைக் கோளாறு இல்லை. பக்கத்து ரூமில் தறி ஓடுகிறது.)

போன எபிசோட் முடிஞ்சதும் நிறையப் பேரு ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க. "அண்ணே, ஏர் ஃபில்டர் பாக்ஸைத் தூக்கிட்டு கோன் ஃபில்டர் மாட்டினா பிக்கப் ஏறுமா?" இதுக்கு ஒரு வார்த்தைல பதில் சொல்லிட்டுப் போயிரலாம். ஆனா இதுல என் சொந்தக் கதை ஒண்ணு இருக்கு. அதைச் சொன்னாத்தான் இன்னைக்கு நான் பேச வந்த விஷயம் புரியும்.

2013. நான் காலேஜ் ரெண்டாவது வருஷம். கையில ஒரு செகண்ட் ஹேண்ட் 150 சிசி கார்புரேட்டர் பைக். யாரோ சொன்னாங்கன்னு, 1,800 ரூபாய்க்கு ஒரு கோன் ஃபில்டர் வாங்கி, கம்பெனி ஃபில்டர் பாக்ஸையும் அதோட ரப்பர் குழாயையும் கழட்டிட்டு மாட்டினேன். சத்தம்னா சத்தம், அப்படி ஒரு சத்தம்! திராட்டில் திருகினா 'ஹ்ஹோ'ன்னு காத்தை உறிஞ்சும். 60 அடி ரோட்டுல ரெண்டு தடவை போயிட்டு வந்தேன். ஊரே திரும்பிப் பாத்துச்சுன்னு எனக்கு நெனப்பு.

மறுநாள் அப்பாவை ஏத்திக்கிட்டு லாரி புக்கிங் ஆபீஸுக்குக் கிளம்பினேன். அவர் மடியில துண்டு பண்டல். தத்தனேரி பாலம் ஏறும்போது முன்னாடி ஒரு பஸ் நின்னுருச்சு. நானும் நிறுத்தினேன். பஸ் நகர்ந்ததும் கிளட்சை விட்டு திராட்டில் குடுத்தா, வண்டி 'க்ளக்'னு இருமிட்டு ஆஃப் ஆயிருச்சு. ஏத்தம், ரெண்டு ஆளு, பண்டல். பின்னாடி உருண்டுச்சு. கால் ஊன முடியல, சாஞ்சுட்டோம். அப்பாவுக்கு முட்டியில தோல் உரிஞ்சு ரத்தம். பண்டல் பிரிஞ்சு துண்டெல்லாம் பாலத்து மேல. பின்னாடி வந்த ஷேர் ஆட்டோக்காரர்தான் இறங்கி வந்து எல்லாத்தையும் பொறுக்கிக் குடுத்தாரு.

அப்பா திட்டலை. வீட்டுக்கு வந்து முட்டியைக் கழுவிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "இந்தச் சத்தத்துக்காடா ரெண்டாயிரம் குடுத்த?" அதுக்கப்புறம் ஆறு மாசம் என் வண்டியில ஏறலை.

மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டு போனேன். அவரு கோன் ஃபில்டரைப் பாத்துச் சிரிச்சாரு. "தம்பி, அந்தக் கறுப்பு டப்பா சும்மா தூசி பிடிக்கிற டப்பான்னு நெனச்சியா?" பழைய பாக்ஸை மாட்டினாரு, ரப்பர் குழாயைச் சொருகினாரு, கார்புரேட்டரைச் சரி பண்ணினாரு. வண்டி மறுபடி பாலம் ஏறுச்சு.

காத்து போற வழியை நல்லா அகலமாத் திறந்து விட்டேன். அப்படின்னா வண்டிக்கு இழுவை கூடத்தானே செய்யணும்? ஏன் செத்துப் போச்சு? ஒரு காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சது: காத்து கூடி, அதுக்கேத்த பெட்ரோல் வராம கலவை மெலிஞ்சு போச்சு. ரெண்டாவது காரணத்தைத்தான் யாரும் சொல்றதில்லை. அந்தக் குழாயோட நீளமே எஞ்சினோட ஒரு பாகம்.

முதல்ல டார்க்குன்னா என்னன்னு ஒரு வரியில சொல்லிடுறேன். எஞ்சின் தன் கிராங்கை எவ்வளவு பலமாத் திருகுது, அதான் டார்க். அது ஒரு நிமிஷத்துல எத்தனை தடவை திருகுதுங்கிறதையும் சேர்த்துப் பெருக்கினா பவர். பாலத்து மேல நின்ன இடத்துல இருந்து கிளம்ப உங்களுக்கு வேண்டியது 10,000 ஆர்பிஎம்ல வர்ற பவர் இல்லை. 3,000, 4,000ல வர்ற டார்க். அந்த டார்க் எங்க இருந்து வருது? ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் சிலிண்டருக்குள்ள எவ்வளவு காத்து போய் அடையுதோ, அதுக்கேத்த அளவு பெட்ரோல் எரியும், அந்த அளவுக்குத் திருகும். அம்புட்டுத்தான். ஆக டார்க் வேணும்னா காத்தை உள்ள அடைக்கணும்.

இப்ப தறிக்கு வருவோம். எங்க வீட்டுல ரெண்டு விசைத்தறி. ஒண்ணு துண்டு ஓடுறது, சின்னது. இன்னொண்ணு போர்வை ஓடுற அகலத் தறி. ரெண்டும் ஒரே ரூம்ல இருந்தாலும் ஒரே தாளத்துல அடிக்காது. துண்டுத் தறி வேகமா அடிக்கும், போர்வைத் தறி மெதுவா அடிக்கும். சின்ன வயசுல இருந்து கேட்டுக்கிட்டிருக்கேன், ஆனா ஏன்னு கேட்டதே இல்லை. பல வருஷம் கழிச்சு ஒருநாள் அப்பாகிட்ட கேட்டேன், போர்வைத் தறியையும் வேகமா ஓட்டினா என்னன்னு. என்னை ஒரு மாதிரி பாத்துட்டுச் சொன்னாரு: "நாடா போய்ச் சேர வேணாமா?"

தறி பாக்காதவங்களுக்காகச் சொல்றேன். பாவு நூல் பாதி மேல போகும், பாதி கீழ போகும். நடுவுல ஒரு வாசல் மாதிரி திறக்கும். அந்த வாசல் திறந்திருக்கிற நேரத்துக்குள்ள, ஊடை நூலைச் சுமந்துக்கிட்டு நாடா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஓடிரணும். வாசல் மூடும்போது நாடா நடுவுல இருந்தா போச்சு, நூல் அறுந்துரும், தறி நின்னுரும். அகலம் கூடுதலா இருந்தா நாடாவுக்குத் தூரம் கூடுதல், அதனால தறி மெதுவாத்தான் ஓட முடியும். அகலம் கம்மின்னா வேகமா ஓட்டலாம்.

எஞ்சின்லயும் இதேதான் நடக்குது. அங்க வாசல் என்பது இன்டேக் வால்வ். நாடா என்பது காத்துல ஓடுற ஒரு அழுத்த அலை.

எப்படின்னு பாருங்க. வால்வ் திறக்குது, பிஸ்டன் கீழ இறங்குது, காத்தை இழுக்குது. அந்த இழுப்பு ஒரு அலையா மாறி, இன்டேக் குழாய் வழியா வெளிய நோக்கி ஓடும், ஒலியோட வேகத்துல. குழாய் முடியுற இடத்துல, அதாவது திறந்த வாய்க்கு வந்ததும், அது தலைகீழாத் திரும்பும். இழுப்பா போனது தள்ளா மாறி, வால்வை நோக்கித் திரும்பி வரும். அந்தத் தள்ளு வந்து சேரும்போது வால்வ் இன்னும் மூடாம இருந்தா, போனஸா கொஞ்சம் காத்து உள்ள திணிக்கப்படும். டர்போ இல்லை, சூப்பர்சார்ஜர் இல்லை, கூடுதலா ஒரு சொட்டு பெட்ரோல் செலவு பண்ணிக் காத்தைத் தள்ளலை. வெறும் குழாய். நல்லா டியூன் பண்ணின ரேஸ் எஞ்சின்கள்ல, சிலிண்டரோட கொள்ளளவை விடக் கூடுதலான காத்தையே இப்படி அடைக்க முடியும்.

கணக்கு போட்டுப் பாக்கலாம், ரொம்ப எளிமையான கணக்கு. நம்ம ஊரு வெயில்ல ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும்னு வச்சுக்கங்க. குழாய் 30 செ.மீ. அலை போயிட்டு வர 60 செ.மீ. அதுக்கு ஆகிற நேரம் 1.7 மில்லி செகண்ட். பிஸ்டன் பலமா இழுக்கிற நேரத்துல கிளம்பின அலை, வால்வ் மூடுறதுக்குள்ள திரும்பணும். அதுக்குக் கிடைக்கிற அவகாசம் தோராயமா கிராங்க் கால் சுத்து சுத்துற நேரம். 9,000 ஆர்பிஎம்ல ஒரு சுத்துக்கு 6.7 மில்லி செகண்ட். கால் சுத்துக்கு 1.7. கச்சிதமாப் பொருந்துது! ஆக இந்த 30 செ.மீ குழாய் 9,000க்கு ஏத்த குழாய்.

அதே எஞ்சின் 4,500ல ஓடினா? கால் சுத்துக்கு இப்ப 3.3 மில்லி செகண்ட். நம்ம அலை பாதி நேரத்துலயே வந்து, முட்டி, திரும்பிப் போயிருச்சு. வால்வ் மூடுற நேரத்துக்குத் தள்ளுக்குப் பதிலா இழுப்பு வந்து நிக்கலாம். உள்ள வந்த காத்தே கொஞ்சம் வெளிய போகும். 4,500க்குச் சரியா வரணும்னா குழாய் சுமார் 60 செ.மீ இருக்கணும். வேகம் பாதின்னா நீளம் ரெண்டு மடங்கு. போர்வைத் தறியும் துண்டுத் தறியும்தான்.

நிஜ எஞ்சின்ல இவ்வளவு சுத்தமா இருக்காது. அலை ரெண்டு தடவை, மூணு தடவை போயிட்டு வர்றதையும் பயன்படுத்துவாங்க, ஃபில்டர் பாக்ஸுக்கு உள்ள இருக்கிற காத்தே சோடா பாட்டில் வாயில ஊதினா வர்ற சத்தம் மாதிரி தனியா அதிரும், அதையும் கணக்குல எடுப்பாங்க. நான் கழட்டிப் போட்டது இதைத்தான்.

சரி, இப்பத்தான் பிரச்னையே. தறிக்காரருக்கு வசதி, துண்டுக்கு ஒரு தறி, போர்வைக்கு ஒரு தறி. எஞ்சினுக்கு அப்படி முடியுமா? அதே எஞ்சின் 2,500லயும் இழுக்கணும், 8,000லயும் இழுக்கணும். குழாயை நீளமா வச்சா கீழ நல்லா இழுக்கும், மேல மூச்சு முட்டும். குட்டையா வச்சா மேல பறக்கும், கீழ சோம்பல். ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின்ல இது இன்னும் மோசம். ஏன்னா அதுல மேல் வேகத்துக்காக வால்வை ரொம்ப நேரம் திறந்தே வச்சிருப்பாங்க. கீழ் வேகத்துல பிஸ்டன் மேல ஏற ஆரம்பிச்ச பிறகும் வால்வ் திறந்திருக்கும், காத்து வந்த வழியே திரும்பும்.

அப்ப குழாயோட நீளத்தையே ஓடும்போது மாத்தினா? அதான் வேரியபிள் இன்டேக்.

சாதாரணமாப் பண்ற முறை ரொம்ப எளிது. இன்டேக் குழாயை நத்தை ஓடு மாதிரி சுருட்டி வைப்பாங்க. சுருளோட நடுவுல ஒரு குறுக்கு வழி, அதுக்கு ஒரு கதவு. கீழ் வேகத்துல கதவு மூடி இருக்கும், காத்து முழுச் சுருளையும் சுத்தி வரும். வேகம் ஏறினதும் கதவு திறக்கும், காத்து குறுக்கே வரும். இதைப் பாக்க நீங்க போர்ஷே ஷோரூம் போக வேண்டியதில்லை. 2006ல இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிவிக் ஞாபகம் இருக்கா? மதுரைல இப்பவும் அங்கங்க ஓடுது. அந்த 1.8 லிட்டர் எஞ்சின்ல இந்த ஏற்பாடு உண்டு. சுமார் 5,200 ஆர்பிஎம் வரைக்கும் நீள வழி, அதுக்கு மேல குட்டை வழி.

நம்ம மாநிலத்துலயே இன்னொரு உதாரணம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டில பிஎம்டபிள்யூ ஆலை 2007ல திறந்தாங்க. 3 சீரிஸ், 5 சீரிஸ்ல இருந்துதான் ஆரம்பிச்சாங்க. அந்தக் காலத்து பிஎம்டபிள்யூவோட என்52ங்கிற ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினோட பெரிய வடிவத்துல ரெண்டு கதவு, ஆக மூணு நிலை. அதே கம்பெனி 2001லயே ஒரு வி8 எஞ்சின்ல, நிலையே இல்லாம நீளம் தொடர்ச்சியா மாறுற மாதிரியும் செஞ்சு காட்டுச்சு.

பைக்ல இன்னும் அழகு. யமஹா ஆர்1, 2007 மாடல். அந்த வருஷக் கடைசியில இந்தியாவுக்கும் இறக்குமதியா வந்துச்சு. அதுல ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேல ஒரு புனல், அது ரெண்டு துண்டா இருக்கும். கீழ் வேகத்துல ரெண்டும் ஒண்ணா ஒட்டி நீளக் குழாயா இருக்கும். வேகம் ஏறினதும் ஒரு சின்ன மோட்டார் மேல் துண்டை அப்படியே தூக்கிரும். மிச்சம் குட்டைப் புனல். முதல் தடவை அந்த வீடியோ பாத்தப்ப நான் வாயைப் பிளந்துட்டேன்.

ரேஸ்ல பாத்தா 1991 லெ மான்ஸ் ஜெயிச்ச மஸ்டா 787பி. அதுல பிஸ்டனே கிடையாது, வால்வும் கிடையாது, நாலு ரோட்டர். ஆனா இன்டேக் குழாய் மட்டும் வேகத்துக்கு ஏத்த மாதிரி நீண்டு சுருங்கிக்கிட்டே இருக்கும், டெலஸ்கோப் மாதிரி. 24 மணி நேரப் பந்தயத்துல ஒவ்வொரு வளைவுலயும் வேகம் குறையும், திரும்ப ஏறணும். உச்ச பவர் மட்டும் போதாது, வளைவுல இருந்து வெளிய வர்ற இழுவையும் வேணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும், ஏன்னா யூட்யூப்ல இதைத் தப்பாத்தான் சொல்றாங்க. வேரியபிள் இன்டேக் வந்தா உச்ச டார்க் பெருசா எகிறும்னு நெனைக்காதீங்க. போர்ஷே 911ல 1990கள் நடுவுல 'வேரியோராம்'னு ஒண்ணு வந்துச்சு. உச்ச டார்க் 330 நியூட்டன் மீட்டர்ல இருந்து 340 ஆச்சு, அவ்வளவுதான். அதுலயும் வேற சில மாற்றங்களுக்குப் பங்கு உண்டு. அப்ப எதுக்கு இத்தனை குழாய், கதவு, மோட்டார்? டார்க் வரைபடத்தை மனசுல நெனச்சுப் பாருங்க. நீளக் குழாய்க்கு இடது பக்கம் ஒரு மேடு. குட்டைக் குழாய்க்கு வலது பக்கம் ஒரு மேடு. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா, ஒரு இடத்துல ரெண்டு கோடும் வெட்டிக்கும். சரியா அந்த வெட்டுற இடத்துல கதவைத் திறந்தா, ஓட்டுறவருக்குக் கதவு திறந்ததே தெரியாது. மேட்டோட உயரம் அப்படியேதான் இருக்கு, பள்ளம்தான் நிரம்புது. நீங்க வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது உக்காந்திருக்கிறது அந்தப் பள்ளத்துலதான்.

"அண்ணே, ஆர்15ல இருக்கிறது இதுதானே?" இதையும் ஒருத்தர் கேட்டிருந்தாரு. இல்லை தம்பி, ஆனா பக்கத்து வீடு. 2018ல வந்த ஆர்15 மூணாவது வெர்ஷன்ல இருக்கிறது விவிஏ. அங்க குழாய் நீளம் மாறாது. இன்டேக் வால்வைத் திறக்கிற கேம்ல ரெண்டு வடிவம் இருக்கு. 7,400 ஆர்பிஎம் வரைக்கும் மென்மையான கேம், அதுக்கு மேல ஒரு சின்ன பின் நகர்ந்து பூட்டிக்கிட்டு ஆக்ரோஷமான கேம். மீட்டர்ல 'விவிஏ'ன்னு எழுத்து எரியுமே, அப்பத்தான் அது மாறுது. என் தறிக் கணக்குல சொன்னா, ஆர்1 பண்றது நாடா ஓடுற தூரத்தை மாத்துறது. ஆர்15 பண்றது வாசல் எவ்வளவு, எவ்வளவு நேரம் திறக்கணும்கிறதை மாத்துறது. சிட்டில 4,000, 5,000ல ஓட்டும்போது ஆர்15 திணறாம இழுக்குதுன்னா அந்த மென்மையான கேமுக்குப் பெரிய பங்கு இருக்கு.

ஃபார்முலா ஒன் கதை ஒண்ணு சொல்லிடுறேன். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் டீம்ல ஓட்டின வருஷம் 2005. இந்தியாவோட முதல் எஃப்1 டிரைவர். அது 3 லிட்டர் வி10 எஞ்சின்களோட கடைசி முழு சீசன். அதுவரைக்கும் ஓடும்போதே நீளம் மாறுற இன்டேக் புனல்களுக்கு அனுமதி இருந்துச்சு. 2006ல 2.4 லிட்டர் வி8 வந்ததும் செலவைக் குறைக்கிறோம்னு அதைத் தடை பண்ணிட்டாங்க. அப்புறம் 2015ல, டர்போ வி6 வந்த ரெண்டாவது வருஷம், திரும்ப அனுமதி குடுத்தாங்க.

ஆனா ரோட்டுல ஓடுற கார்ல இந்த அதிசயம் குறைஞ்சுக்கிட்டே வருது. காரணம் டர்போ. ஒரு ஒப்பீடு சொல்றேன். அந்த சிவிக்: 1.8 லிட்டர், 172 நியூட்டன் மீட்டர், 4,300 ஆர்பிஎம்ல. 2019ல வந்த ஹூண்டாய் வென்யூ, நம்ம இருங்காட்டுக்கோட்டைல செஞ்சது: வெறும் 1 லிட்டர் டர்போ, அதே 172 நியூட்டன் மீட்டர், 1,500ல ஆரம்பிச்சு 4,000 வரைக்கும் சமமா. சுருள் குழாய் கெஞ்சி வாங்கின காத்தை டர்போ அடிச்சு உள்ள தள்ளுது. எலெக்ட்ரிக்னா இன்னும் மோசம், ஹோசூர்ல இருந்து வர்ற ஸ்கூட்டருக்கு நின்ன இடத்துலயே முழு இழுவை. எனக்கென்னமோ அந்த மேல போக மேல போக ஏறுற இழுவைதான் இன்னும் பிடிக்குது. அது என் வயசுக் கோளாறா இருக்கலாம்.

பழைய கார் வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கதவு பிளாஸ்டிக்கா இருக்கும், பல கார்ல வெற்றிடக் குழாய் வழியா இயங்கும். 10, 15 வருஷத்துல எந்தக் கம்பெனி வண்டியானாலும் அந்தக் குழாய் வெடிக்கலாம், கதவு சிக்கிக்கலாம். வண்டி கீழ நல்லா இழுத்துட்டு மேல போகவே மாட்டேங்குதுன்னாலோ, மேல போயிட்டுக் கீழ சோம்புதுன்னாலோ, எஞ்சினே போச்சுன்னு பயப்படுறதுக்கு முன்னாடி இதைப் பாக்கச் சொல்லுங்க. பல நேரம் ஒரு சின்ன ரப்பர் குழாய் மாத்துற வேலையா இருக்கும்.

கடைசியா, முதல் கேள்வி. கோன் ஃபில்டர் போடலாமா? ரேஸ் டிராக்ல, எப்பவும் மேல் வேகத்துலயே ஓட்டுறதுக்கு, பெட்ரோல் கலவையையும் சேர்த்துச் சரிபண்ணத் தெரிஞ்ச ஆள் கூட இருந்தா, போடுங்க. செல்லூர்ல இருந்து சிம்மக்கல் போக வேணாம்.

அந்த 1,800 ரூபாய் ஃபில்டர் இன்னும் பரண்ல கிடக்கு. அப்பா அதுல தறிக்கு எண்ணெய் துடைக்கிற பழந்துணியைத் திணிச்சு வச்சிருக்காரு.